பொன்னியின் செல்வன் முடிச்சாச்சா? யோஷிகாவா எய்ஜிய இப்படி ஆரம்பிங்க

சரித்திரக் கதை படிச்சு ருசி கண்டுட்டு அடுத்து என்னன்னு தேடற பாண்டி ஆளுங்களுக்குத்தான் இது. யோஷிகாவா எய்ஜி ஜப்பான்ல சரித்திர நாவல் எழுதினவரு. ரோமன் ரோலண்ட் லைப்ரரில தேடறப்ப ரெண்டு மாதிரியும் தேடுங்க, யோஷிகாவாங்கறது குடும்பப் பேரு, இங்கிலீஷ் புக் அட்டைல எய்ஜி யோஷிகாவான்னு மாத்தி போட்டிருப்பாங்க.

மொதல்ல மனுஷனப் பத்தி கொஞ்சம். 1892ல பொறந்தவரு, அப்பா பிசினஸ் படுத்துப் போயி சின்ன வயசுலயே ஸ்கூல விட்டுட்டு வேலைக்குப் போயி, யோகோஹாமா துறைமுகத்துல ஆக்சிடென்ட்ல சாவ வேண்டியவரு தப்பிச்சு டோக்கியோ போயி அரக்கு வேலைப்பாடு கத்துக்கிட்டாரு, கிண்டல் கவிதையும் எழுதினாரு. பசின்னா என்னன்னு தெரிஞ்ச ஆளு எழுதினதுன்னு படிக்கறப்பவே தெரியும்.

ஆரம்பிக்க முசாஷிங்கற நாவல்தான் சரி, ஒரு வாள்வீரனோட கதை. 1935லேருந்து 1939 வரைக்கும் அசாஹி பேப்பர்ல தொடரா வந்தது, ஒரே மூச்சுல முடிக்கப் பாக்காதீங்க, சாயங்காலம் பீச் ரோட்டுல வண்டிங்க போறத நிறுத்தினதும் போயி உக்காந்து ஒரு அத்தியாயம் படிச்சா போதும். பக்கத்துல துண்டுச்சீட்டு கண்டிப்பா வேணும், பேரு கொழப்பும். 1600 செகிகஹாரா சண்டை முடிஞ்சு பொணங்களுக்கு நடுவுல கெடக்கறானே டகேசோ, அவன்தான் பின்னாடி முசாஷி, கூட கெடக்கறவன் மடஹாச்சி. முசாஷி நெஜ ஆளு, கதாநாயகி ஓட்சு நம்ம நந்தினி மாதிரி கற்பனை.

புடிச்சிருந்தா அடுத்து டைகோங்கற நாவல், ஜப்பான ஆண்ட ஹிதேயோஷியோட கதை. அரசியல் சூழ்ச்சி ஜாஸ்தி, கத்திச்சண்டை மட்டும் போதும்னா விட்டுடுங்க.