ரோமானிய ஊர்களில் மீன்சாற்றுக் கூடத்தை அடையாளம் காணும் முறை

கடலோர ரோமானிய ஊரொன்றின் இடிபாடுகளில் தொட்டிகள் வரிசையாகத் தென்பட்டவுடன், ‘காரும்’ எனப்பட்ட மீன்சாறு அங்கே தயாரானது என்று எழுதிவிடக் கூடாது. துணி வெளுத்த இடங்களிலும், திராட்சை பிழிந்த கூடங்களிலும், ஊதாச் சாயப் பட்டறைகளிலும் தொட்டிகள் இருந்தன. ஆகவே அமைப்பை முதலில் சோதியுங்கள். மீன் தொட்டியின் உட்புறத்தில், நீர் கசியாதபடி, நொறுக்கிய ஓடு கலந்த சுண்ணச்சாந்து பூசப்பட்டிருக்கும். கசடு ஒட்டாதிருக்க மூலைகள் உருட்டி மழுக்கப்பட்டிருக்கும். தரையில் வழித்தெடுப்பதற்கான ஒரு பள்ளம் இருக்கலாமே தவிர, வடிகால் துளை பொதுவாக இராது. ஸ்பெயினின் பைலோ கிளாடியாவிலும் போர்ச்சுகலின் ட்ரோயாவிலும் உள்ள தொட்டிகளைப் பார்த்துவிட்டால் இந்த அமைப்பு கண்ணுக்குப் பழகிவிடும். அருகில் நன்னீருக்கான கிணறோ நீர்த்தொட்டியோ உண்டா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எலும்பு, என் மதிப்பீட்டில் இதுவே முதன்மையான சான்று, பழைய அகழாய்வுகளில் பெரிதும் தவறவிடப்பட்டதும் இதுவே. கைவிடப்பட்ட தொட்டிகள் பிற்காலத்தில் குப்பைக்குழிகளாகிவிடுவது வழக்கம் என்பதால், மேலே நிரம்பிய மண்ணையும் தரையோடு ஒட்டிய அடுக்கையும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அடியடுக்கின் மண்ணைத் துலக்கித் தள்ளிவிடாமல் முழுவதும் பையிலிட்டு, ஒரு மில்லிமீட்டர் அல்லது அதனினும் நுண்ணிய கண்ணுள்ள சல்லடையில் நீர்விட்டு அலசுங்கள். மத்தி, நெத்திலி ஆகியவற்றின் முதுகெலும்புத் துண்டுகள் அவ்வளவு சிறியவை. கையால் பொறுக்கினால் சூரை மீனின் பெரிய எலும்புகள் மட்டுமே கிடைத்து, அங்கே கருவாடு மட்டுமே போட்டார்கள் என்ற பிழையான முடிவில் கொண்டுபோய் விடும். ஸ்பெயினின் வடமேற்குக் கரையிலுள்ள ஆட்ரோ வெல்லோவில், தொட்டியின் அடியில் கிடைத்த எலும்புகளிலிருந்து மரபணுவையே பிரித்தெடுத்து, அவை ஐரோப்பிய மத்தி என்று உறுதிசெய்திருக்கிறார்கள்.

எலும்புகளைப் படிப்பதற்குச் செய்முறை தெரிந்திருக்க வேண்டும். ‘ஜியோபோனிக்கா’ என்ற கிரேக்க வேளாண் தொகுப்பின்படி, சிறு மீன்களையும் மீன் குடல்களையும் உப்பிட்டு, அடிக்கடி கிளறி வெயிலில் ஊறவைத்து, பின்னர் சாற்றை வடித்தெடுப்பார்கள். எஞ்சிய கசடு ‘அலெக்’. சிறு மீன்களின் எலும்புகள் தலை முதல் வால் வரை கலந்து கிடந்தால் சாறு அல்லது அலெக் என்றும், வெட்டுத்தடம் உள்ள பெரிய எலும்புகள் கிடைத்தால் உப்பிட்ட மீன் என்றும் கொள்ளலாம். ஒரே கூடத்தில் இரண்டும் நடந்திருக்கலாம் என்பதை மறவாதீர்கள்.

வணிகத்தைத் தொடர ஆம்போரா சாடிகளுக்கு வாருங்கள். தெற்கு ஸ்பெயினின் பைட்டிகாவிலிருந்து வந்தவற்றில் ஆய்வாளர்கள் டிரெசல் 7–11, பெல்ட்ரான் 2 என்று வகைப்படுத்திய வடிவங்கள் மீன் பொருட்களுக்குரியவை. கழுத்திலும் தோளிலும் மையால் எழுதிய வாசகங்கள் இருக்கக்கூடும் என்பதால் ஓடுகளைத் தேய்த்துக் கழுவக் கூடாது. பொம்பேயின் மீன்சாற்று வணிகர் அவுலுஸ் உம்பிரிசியுஸ் ஸ்காருஸ் தன் வீட்டு மொசைக் தரையிலேயே, கானாங்கெளுத்திச் சாற்றின் முதல்தரம் தன்னுடையது என்று சாடிப் படங்களோடு பதித்திருந்தார். விளம்பரம் அன்றும் வெட்கப்படவில்லை! சாடிகள் மறுபயன்பாட்டுக்கும் போயின. ஆகையால் வடிவத்தை மட்டும் நம்பாமல் உட்புற எச்சத்தையும் ஆராயுங்கள். ஸ்பெயினின் வில்லாஹொயோசாவுக்கு அருகே மூழ்கிய, கி.பி. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த போ ஃபெரர் கப்பலில் சாடிகளுக்குள்ளேயே மீன் எலும்புகள் கிடைத்தன.

விலையைச் சேர்க்கும்போது நிதானம் தேவை. ஏறத்தாழ இரண்டு காங்கியுஸ், அதாவது ஆறரை லிட்டர், உயர்தரச் சாறு 1,000 செஸ்டர்ஸ் நாணயங்களுக்கு விற்றதாக ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதுகிறார். கி.பி. 301இல் பேரரசர் டயோக்ளீஷியன் பிறப்பித்த உச்ச விலை ஆணையோ, சுமார் அரை லிட்டரான ஒரு செக்ஸ்டாரியுஸ் முதல்தர மீன்சாற்றுக்கு 16 தினாரி நாணயங்களும் இரண்டாம்தரத்துக்கு 12 தினாரியும் விதிக்கிறது. அதே ஆணையில், அதே அளவு சிறந்த தேனுக்கு 40 தினாரி, சாதாரண மதுவுக்கு 8 தினாரி. பிளினியின் ஆடம்பர விலையால் ஒரு கூடத்தின் தொட்டிக் கொள்ளளவைப் பெருக்கி வருமானம் கணக்கிடுவது வீண். கொள்ளளவு என்பது உற்பத்தியும் அன்று: தொட்டிகள் ஆண்டுக்கு எத்தனை முறை நிரம்பின என்பது மீன் வரத்தையும் உப்பையும் பொறுத்தது.