வடசென்னையின் பழைய கன்னியர் மடங்களைக் காத்து, மீண்டும் புழக்கத்துக்குக் கொண்டுவரும் வழிமுறை

அயர்லாந்திலிருந்து வந்த பிரசன்டேஷன் சபைக் கன்னியர் 1842இல் இன்றைய ஜார்ஜ் டவுன் பகுதியில் குடியேறிய காலந்தொட்டு, வடசென்னையில் கன்னியர் மடம் என்றால் பள்ளிக்கூடமும் சேர்ந்ததுதான். பாட்டி, மகள், பேத்தி என மூன்று தலைமுறைப் பெண்கள் ஒரே தாழ்வாரத்தில் மணியடிக்கக் காத்திருந்த வளாகங்கள் அவை. இன்று அருட்சகோதரிகளின் எண்ணிக்கை குறைந்து, மாடி அறைகள் பூட்டியே கிடக்கும் மடங்களுக்கு, இடித்துவிட்டு அடுக்குமாடி கட்டலாம் என்ற யோசனையோடு யாராவது வருவார்கள். அவருக்குப் பதில் சொல்லவேண்டிய நிலையில் இருக்கும் சகோதரிகளுக்கும் பழைய மாணவியருக்கும் இதை எழுதுகிறேன்.

காகித வேலையை முதலில் முடித்துவிடுங்கள். பட்டா துறவற சபையின் பெயரில் இருக்கிறதா, மறைமாவட்டத்தின் பெயரில் இருக்கிறதா என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். திருச்சபைச் சட்டத்தின் 638ஆம் விதிப்படி, கலை அல்லது வரலாற்று மதிப்புள்ள உடைமையைக் கைமாற்றுவதற்குத் துறவற சபைத் தலைமையின் எழுத்துமூல அனுமதியோடு திருப்பீடத்தின் (வத்திக்கானின்) அனுமதியும் வேண்டும். ஆகவே விலைபேச வந்தவரிடம் உள்ளூர் இல்லத் தலைவி தாமாக வாக்குக் கொடுத்துவிட முடியாது. சிற்றாலயத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றுவதற்கும் உரிய திருச்சபை அதிகாரியின் அனுமதி தேவை. நற்கருணைப் பேழையும் திருப்பண்டங்களும் முறைப்படி அகற்றப்பட்ட பிறகே வேலையாட்கள் உள்ளே வரலாம். அரசுத் தரப்பில், பாரத் இன்ஷூரன்ஸ் கட்டட வழக்கில் சென்னை உயர் நீதிமன்றம் 2010இல் அளித்த தீர்ப்பையொட்டி, மரபுக் கட்டடங்களுக்கென ஒரு பாதுகாப்புக் குழு சிஎம்டிஏவின் (சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின்) கீழ் அமைந்தது. உங்கள் கட்டடம் மரபுக் கட்டடப் பட்டியலில் இருக்கிறதா என்று அங்கே விசாரியுங்கள். இல்லையென்றாலும் கீழே சொல்லும் வேலைகளில் எதுவும் மாறாது.

அடுத்து, ஒரு மழைக்காலம் முழுவதும் கட்டடத்தைக் கவனியுங்கள். பெரும்பாலான பழைய மடங்களின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்குக் கட்டைகளை நெருக்கமாகப் பரப்பி, மெல்லிய சிறு செங்கற்களை மூலைவாக்கில் குத்தாக அடுக்கி, அதன்மேல் சுண்ணாம்பு கலந்த செங்கல் ஜல்லியைக் கொட்டி அடித்து இறுக்கி, கடைசியாகத் தட்டை ஓடு பதித்த தளம் அது. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரை அந்தக் கலவையில் சேர்ப்பார்கள். ஒழுகல் பெரும்பாலும் தளத்தின் நடுவில் தொடங்குவதில்லை. அடைத்துக்கொண்ட மழைநீர்க் குழாயின் வாயிலும், கைப்பிடிச் சுவரின் அடியில் முளைத்த அரசங்கன்றின் வேரிலும்தான் தொடங்குகிறது. கன்றை வெட்டினால் அடுத்த மழைக்குத் துளிர்க்கும். வேர் ஓடிய வழியே காரையைப் பிரித்து, வேரை முழுவதுமாக எடுத்துவிட்டு, சுண்ணாம்புக் காரையாலேயே அடைக்க வேண்டும். தேக்குக் கட்டையில் சுவருக்குள் செருகிய முனைதான் முதலில் இற்றுப்போகும். சுத்தியலின் கைப்பிடியால் தட்டிப் பாருங்கள்: நல்ல கட்டை கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மொத்தென்று ஒலிக்கும். முனை மட்டும் கெட்டிருந்தால் அதை அறுத்துவிட்டுப் புதுத் தேக்கு ஒட்டலாம், முழுக் கட்டையையும் மாற்ற வேண்டாம். ஒழுகுகிறதே என்று மேலே சிமென்ட் கான்கிரீட் போட்டு மூடினால், எடையும் கூடும், உள்ளே சிக்கிய ஈரமும் வெளியேறாது.

சுவர்களில் இதைவிடப் பெரிய தவறு நடக்கிறது. நான் பார்த்த ஒரு மடத்தில், ஓதம் ஏறுகிறது என்று கீழ்ச்சுவரை இடுப்பளவுக்குச் சிமென்ட் பூசிவிட்டார்கள். இரண்டு மழைக்காலம் கழித்து ஓதம் அந்தப் பூச்சையும் தாண்டித் தோளளவுக்கு ஏறியிருந்தது. உப்பிய இடத்தில் விரல் வைத்தபோது பூச்சு ஓடுபோல் பெயர்ந்து விழுந்தது. பின்னாலிருந்த செங்கல் மாவாக உதிர்ந்து, உள்ளங்கையில் வெள்ளை உப்பு ஒட்டிக்கொண்டது. கடற்காற்றும் உப்பு நீரும் உள்ள இந்தப் பகுதியில் சுவர் மூச்சுவிட்டே ஆக வேண்டும். சிமென்ட்டைக் கவனமாகச் செதுக்கி எடுத்துவிட்டு, சுவரைப் பல மாதம் உலரவிட்டு, நன்றாக ஊறிய சுண்ணாம்பும் மணலும் கலந்து மெல்லிய படலங்களாகப் பூசி, சாக்கு நனைத்துப் போட்டு மெதுவாகக் காயவிடுங்கள். மேலே பிளாஸ்டிக் பெயின்ட் வேண்டாம், சுண்ணாம்பு அடித்தால் போதும். தெரு மட்டத்தையும் பாருங்கள். பழைய ரோட்டைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால், அதே மடத்தில் மூன்று படி ஏறிப் போன வாசலுக்கு இப்போது ஒரு படி இறங்கிப் போக வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்ட வளாகத்தில் சுவரையொட்டி வடிகால் வெட்டி, நீரைச் சேகரிப்புக் கிணற்றுக்குத் திருப்பாமல் எந்தப் பூச்சும் நிற்காது.

கட்டடம் உலர்ந்த பிறகுதான் பயன்பாட்டைப் பற்றிப் பேச வேண்டும். பழைய வாழ்க்கைக்கு எவ்வளவு நெருக்கமான பயன்பாட்டைத் தேர்ந்தெடுக்கிறோமோ, அவ்வளவு குறைவாக இடிக்க நேரும். வேலைக்குப் போகும் பெண்களுக்கான விடுதி, முதியோர் இல்லம், வீட்டில் தனியிடம் இல்லாத பிள்ளைகளுக்கான மாலைநேரப் படிப்பகம் ஆகியவை தாழ்வாரத்தோடும் முற்றத்தோடும் இயல்பாகப் பொருந்தும். நூலகம் என்றால் ஒரு எச்சரிக்கை உண்டு. விடுதி அறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ சுமை கணக்கிடும் இந்தியத் தரநிலை, புத்தக அடுக்கறைக்கு 600 கிலோவுக்கும் குறையாமல் கணக்கிடச் சொல்கிறது. எனவே அலமாரிகள் தரைத்தளத்திலும், வாசிக்கும் மேசைகள் மாடியிலும் இருக்கட்டும். கட்டமைப்புப் பொறியாளர் ஒருவர் பார்த்துச் சொல்லாமல் மாடியில் எதையும் ஏற்ற வேண்டாம். கழிவறை, லிப்ட், தீவிபத்தில் இறங்குவதற்கான இரண்டாம் படிக்கட்டு மூன்றையும் பின்முற்றத்தில் தனிக் கட்டுமானமாக எழுப்பி, ஒரு நடைபாதையால் இணைத்துவிடலாம். ஏசிக்காகத் தாழ்வாரத்தைக் கண்ணாடி போட்டு அடைப்பதை நான் எங்கும் ஏற்கமாட்டேன். வெயிலும் சாரலும் உள்சுவரைத் தொடாமல் இத்தனை காலம் காத்தது அந்தத் தாழ்வாரம்தான்.

வேலை முடிந்ததும், ஆண்டுதோறும் புரட்டாசியில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, ஒருவர் மொட்டைமாடிக்கு ஏறி ஒவ்வொரு மழைநீர்க் குழாயிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, அது கீழே வந்து சேருகிறதா என்று பார்க்க வேண்டும். அந்த வேலை யாருடையது என்பதை இப்போதே பெயரோடு எழுதி வைத்துவிடுங்கள்.