ஆல்டிஹைடா, கீட்டோனா? வெள்ளி ஆடிச் சோதனை செய்யும் முறை

ஆல்டிஹைடு, கீட்டோன் இரண்டிலும் இருப்பது கார்பனைல் தொகுதிதான், அதாவது ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் இருக்கும் கார்பன். ஆல்டிஹைடில் அந்தக் கார்பனோடு ஒரு ஹைட்ரஜனாவது ஒட்டியிருக்கும். கீட்டோனில் இரண்டு பக்கமும் கார்பன். அந்த ஹைட்ரஜன் இருப்பதால் ஆல்டிஹைடு சட்டென்று ஆக்சிஜனேற்றமடைந்து அமிலமாகிவிடும். கீட்டோன் அவ்வளவு லேசில் மசியாது. ஆல்டிஹைடு வெள்ளி உப்பிலிருந்து வெள்ளியைப் பிரித்துக் கண்ணாடியில் பளபளக்கும் ஆடியாகப் படியவைப்பதை ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1835-லேயே எழுதிவிட்டார். ஆனால் சோதனைக்கு நிலைத்தது இன்னொரு ஜெர்மன் வேதியியலாளரான டாலன்ஸின் பெயர்.

இதை ஆய்வகத்தில், ஆசிரியர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் செய்யுங்கள். கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் வேண்டும். சில்வர் நைட்ரேட் தோலில் பட்டால் கறுத்துவிடும், சோப்புக்கெல்லாம் போகாது.

முதலில் சோதனைக்குழாய்கள். பாதி வெற்றி இங்கேதான். எண்ணெய்ப்பசை இருந்தால் ஆடிக்குப் பதில் கருப்புப் பொடிதான் கிடைக்கும். சோப்பு போட்டுத் தேய்த்துவிட்டு, வாலை வடிநீரால் அலசுங்கள். குழாய்த் தண்ணீரில் குளோரைடு இருக்கும். சில்வர் நைட்ரேட் ஊற்றியதும் வெள்ளையாகக் கலங்கும்.

அடுத்து, 0.1 மோலார் சில்வர் நைட்ரேட் கரைசல் (100 மி.லி.க்கு 1.7 கிராம்) 4 மி.லி. எடுத்து, நீர்த்த சோடியம் ஹைட்ராக்சைடு இரண்டு சொட்டு விடுங்கள். பழுப்பு நிறத்தில் சில்வர் ஆக்சைடு வீழ்படியும். அப்புறம் நீர்த்த அம்மோனியாவைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குலுக்கிக்கொண்டே வாருங்கள். வீழ்படிவு கரைந்து தெளிந்த கணமே நிறுத்திவிட வேண்டும். அம்மோனியா கூடிப்போனால் சோதனை மந்தமாகிவிடும்.

இதை இரண்டு குழாய்களில் பாதிப் பாதியாக ஊற்றுங்கள். ஒன்றில் ஆல்டிஹைடுக்குக் குளுக்கோஸ் கரைசல் சில சொட்டு, மற்றதில் கீட்டோனுக்கு அசிட்டோன் சில சொட்டு. ஒரு முறை கலக்கி, 60 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் ஆடாமல் நிறுத்துங்கள். நேரடித் தீயில் காட்டவே கூடாது. சில நிமிடங்களில் குளுக்கோஸ் குழாய் முதலில் மங்கிக் கறுத்து, பிறகு உள்சுவர் பளபளவென்று வெள்ளியாகும். அசிட்டோன் குழாய் அப்படியே தெளிவாக நிற்கும்.

ஒரு விதிவிலக்கு: ஃபிரக்டோஸ் கீட்டோன்தான், ஆனாலும் ஆடி தரும். காரக் கரைசலில் அது குளுக்கோஸாக உருமாறிவிடுவதுதான் காரணம்.

மிச்சக் கரைசலை எக்காரணம் கொண்டும் மூடிவைக்காதீர்கள். நாள்பட்டால் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உண்டாகும். அன்றன்றைக்கே நீர்த்த நைட்ரிக் அமிலம் சேர்த்து, ஆசிரியர் காட்டும் கழிவுப் புட்டியில் ஊற்றிவிடுங்கள்.