பழைய டிவி கேம்களைப் புதிய கொன்சோலில் சரியான வேகத்தில் ஆட

பழைய கேம் ஒன்றின் மறுவெளியீட்டை வாங்கப் போகிறீர்களா? படம் எவ்வளவு பளிச்சென்று இருக்கிறது என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் அது எந்த நாட்டுப் பதிப்பு என்று பாருங்கள். அமெரிக்க, ஜப்பானியப் பதிப்புகள் வினாடிக்கு 60 பிரேம், அதாவது 60 தனிப்படம், என்ற கணக்கில் எழுதப்பட்டவை. ஐரோப்பாவும் இலங்கையும் பயன்படுத்திய பிஏஎல் என்ற டிவி முறையில் 50 தான். அந்தக் காலத்துக் கேம்களில் ஓட்டம், பாய்ச்சல், எதிரியின் சூடு எல்லாமே பிரேமுக்குப் பிரேம் நகரும். 60க்கு எழுதியதைத் திருத்தாமல் 50இல் ஓட்டினால் வேகத்தில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். 1991இல் வந்த முதல் சோனிக் கேம் ஐரோப்பாவில் அப்படித்தான் மெதுவாக ஓடியது.

பழைய கதை என்று விட்டுவிட முடியாது. 2018 டிசம்பரில் வந்த பிளேஸ்டேஷன் கிளாசிக் என்ற சின்னப் பெட்டியில் இருந்த 20 கேம்களில் 9 கேம்கள் 50 ஹேர்ட்ஸ் (வினாடிக்கு 50 பிரேம்) பதிப்புகள். டெக்கன் 3 உம் அதில் அடக்கம். 2022 மே மாதம் பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தாவின் கிளாசிக் (பழைய கேம்) பட்டியல் ஆசியாவில் தொடங்கியபோதும் இதே குறை வந்தது. ஆட்சேபம் கிளம்பிய பிறகுதான் 60 ஹேர்ட்ஸ் பதிப்பையும் தருவதாகச் சொன்னார்கள். ஆகவே கேமின் பக்கத்தில் பதிப்பைத் தேர்ந்தெடுக்க இடமிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

சந்தேகமென்றால் கடிகாரத்தால் சோதிக்கலாம். அமெரிக்கப் பதிப்பின் டெமோ, அதாவது யாரும் தொடாதபோது கேம் தானாக ஆடிக்காட்டும் பகுதி, ஓடும் வீடியோவைத் தேடி எடுங்கள். கொன்சோலில் எந்தப் பட்டனையும் தொடாமல் அதே டெமோவை ஓடவிட்டு, இரண்டையும் ஸ்டொப்வொட்ச்சால் அளந்து பாருங்கள். அங்கே 60 வினாடி எடுப்பது இங்கே 72 வினாடி எடுத்தால் உங்களிடம் இருப்பது 50 ஹேர்ட்ஸ். பாட்டை மட்டும் கேட்டு முடிவுக்கு வராதீர்கள். சிடியில் பதிந்த இசை பிரேம் கணக்கோடு கட்டுப்பட்டதல்ல; ஆட்டம் மெதுவாக ஓடினாலும் இசை சரியாகவே ஒலிக்கும். அசைவைத்தான் பார்க்க வேண்டும்.

இதில் நம்மூர்க்காரருக்கு ஒரு விசேஷச் சிக்கல் உண்டு. கெசட் போட்டு ஆடிய ‘டிவி கேம்’ பெட்டிகளில் பெரும்பாலானவை நிண்டெண்டோவின் பாமிகொம் பெட்டியைப் பார்த்துச் செய்த நகல்கள். பிஏஎல் டிவிக்காக வந்த நகல்களில் பல 50 ஹேர்ட்ஸிலேயே ஓடின. அதனால் 60இல் மரியோவைப் போட்டதும் ‘இது அந்த மரியோ இல்லையே, பறக்கிறதே’ என்று தோன்றும். கேமில் கோளாறு எதுவும் இல்லை. செய்தவர்கள் நினைத்த வேகம் இதுதான். சில நாள் ஆடினால் கை பழகிவிடும். கொன்ட்ரா என்ற சுடும் கேமிலும் நம் நினைவு அசலோடு ஒத்துப்போகாது. அசல் கேமில் 3 உயிர்தான். ஆயுதம், கட்டம் எல்லாம் தெரிவு செய்ய விட்ட கெசட்டுகள் யாரோ மாற்றி அடித்தவை.

எதை வாங்கலாம்? கொன்ட்ராவுக்கு 2019இல் வந்த கொன்ட்ரா அனிவர்சரி கலெக்‌ஷன். அதில் பாமிகொம் பதிப்பும் இருக்கிறது: கட்டங்களுக்கு இடையே வரைபடம் வரும், பின்னணியில் மரம் அசையும், பனி கொட்டும். அதையே முதலில் ஆடுங்கள். அதே தொகுப்பில் ப்ரொபொடெக்டர் என்று இருப்பவை மனிதருக்குப் பதிலாக ரோபோக்களைப் போட்ட ஐரோப்பியப் பதிப்புகள். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ‘டேங்க்’ என்று நாம் சொல்வது நம்கோவின் பெட்டல் சிட்டி, 1985. அது 2020இல் வந்த நம்கோ மியூசியம் ஆர்கைவ்ஸின் இரண்டாம் தொகுதியில் இருக்கிறது. முதல் தொகுதியை வாங்கிவிட்டுத் தேடாதீர்கள். சூப்பர் மரியோ பிரதர்ஸ், நிண்டெண்டோ சுவிட்ச் ஒன்லைன் சந்தாவோடு வருகிறது.

பிளேஸ்டேஷன் கணக்குத் திறக்கும் நாட்டுப் பட்டியலில் இலங்கை இல்லை. அதனால் இங்கே பலரும் வேறொரு நாட்டுக் கணக்கில்தான் ஆடுகிறார்கள். நாட்டை ஒருமுறை தெரிவு செய்தால் பிறகு மாற்ற முடியாது. கிஃப்ட் கார்ட் அந்த நாட்டுக்குரியதாக இல்லாவிட்டால் ஏறாது. சிங்கப்பூர்க் கணக்குக்கு அமெரிக்கக் கார்ட் வாங்கினால் காசு முடங்கிவிடும். டிஸ்க் வாங்குவோருக்கு இந்தத் தலைவலி குறைவு. பிஎஸ்4, பிஎஸ்5 டிஸ்க்கும் சுவிட்ச் கார்ட்டும் பெரும்பாலும் எந்த நாட்டிலிருந்து வந்தாலும் ஓடும். பம்பலப்பிட்டியிலோ புறக்கோட்டையிலோ வாங்கும்போது பெட்டியைத் திருப்பி, சின்ன எழுத்தைப் படியுங்கள். சில பெட்டிகளுக்குள் டவுன்லோட் கோட் மட்டுமே இருக்கும். பெட்டி ஏற்கெனவே ஒருவர் பயன்படுத்தியதென்றால் அந்தக் கோட் ஏற்கெனவே செலவாகியிருக்கும். சுவிட்ச் 2க்கு வரும் ‘கேம் கீ’ கார்ட்டுகளிலும் கேம் இருக்காது, சாவிதான். கேமை இணையத்திலிருந்து இறக்க வேண்டும்.

இனி டிவி. முதலில் டிவி மெனுவில் தாமதத்தைக் குறைக்கும் ‘கேம் மோட்’ போடுங்கள். அசைவை மழமழப்பாக்கும் வசதி எந்தப் பெயரில் இருந்தாலும் நிறுத்துங்கள்; இடையில் இல்லாத பிரேமைக் கற்பனை செய்து போடுவதற்காகவே டிவி படத்தைப் பிடித்துவைக்கிறது. ஓரம் வெட்டுப்பட்டு ஸ்கோர் பாதி மறைந்தால், சாம்சுங்கில் ‘ஸ்கிரீன் ஃபிட்’, எல்ஜியில் ‘ஜஸ்ட் ஸ்கேன்’ போன்ற தெரிவைப் பாருங்கள். படத்தை முழுத்திரைக்கு இழுக்காதீர்கள். 4:3 படத்தை 16:9க்கு இழுத்தால் மரியோ மூன்றில் ஒரு பங்கு குண்டாகிவிடுவார், பாயும் தூரத்தைக் கண் தப்பாக மதிக்கும்.

பாமிகொம் படம் 240 வரி. 1080 வரித் திரையில் அதை நிரப்ப நாலரை மடங்கு பெருக்க வேண்டும். அரை வரி என்று ஒன்று கிடையாததால் சில புள்ளிகள் தடித்தும் சில மெலிந்தும் விழும். திரை நகரும்போது செங்கல் சுவர் நெளிவது இதனால்தான். தொகுப்பின் மெனுவில் ‘பிக்சல் பெர்ஃபெக்ட்’ இருந்தால் போடுங்கள். படம் சற்றுச் சிறுக்கும், நெளிவு போய்விடும். 4கே திரையின் 2160 வரிக்கு 9 மடங்கு கச்சிதம். ஆனால் கொன்சோலே 4கேயில் அனுப்பினால்தான் அந்தப் பலன்.

பட்டன் தாமதத்தை அளக்க போனே போதும். ஸ்லோ மோஷனை 240 பிரேமில் வைத்து, விரலும் திரையும் ஒரே படத்தில் வரும்படி பிடியுங்கள். மரியோவைப் பாயவைத்து 5 தடவை எடுங்கள். விரல் பட்டனை அடிவரை அழுத்திய பிரேமிலிருந்து மரியோவின் கால் தரையை விடும் பிரேம்வரை எண்ணுங்கள். ஒரு பிரேம் கிட்டத்தட்ட 4 மில்லி வினாடி. 20 பிரேமுக்குள் இருந்தால் நிம்மதியாக ஆடலாம். 30 பிரேமைத் தாண்டினால் குழியில் விழுவது உங்கள் பிழையல்ல. கேம் மோட் அந்தக் குறிப்பிட்ட எச்டிஎம்ஐ வாயிலுக்குப் போடப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பல டிவிகள் ஒவ்வொரு வாயிலுக்கும் தனித்தனியாகக் கேட்கும். கொன்சோலை சவுண்ட்பார் வழியாக இணைத்திருந்தால் நேரே டிவியில் சொருகி மறுபடி அளந்து பாருங்கள்.

நகல் பெட்டியின் கொன்ட்ரோலரில் அழுத்திப் பிடித்தாலே தொடர்ந்து சுடும் இரண்டு டேர்போ பட்டன் இருந்தது நினைவிருக்கும். சில மறுவெளியீடுகளில் அது கிடையாது. கொன்ட்ராவில் ‘எம்’ எழுத்துத் துப்பாக்கி அழுத்திப் பிடித்தாலே தொடர்ந்து சுடும். ‘எஸ்’ஐ ஒவ்வொரு தடவையும் அழுத்த வேண்டும். விரல் வலிக்கிறதென்றால் டேர்போ உள்ள வேறு கொன்ட்ரோலரை வாங்குங்கள்.

கேமைப் பாதியில் நிறுத்தி கொன்சோலைத் தூங்கவிட்டுப் போகாதீர்கள். பிஎஸ்5 போன்றவற்றில் கரண்ட் போனால் அந்த இடம் போய்விடும். மெனுவில் சேவ் ஸ்டேட் (ஆடிய இடத்தை அப்படியே சேமிப்பது) போட்ட பிறகே எழும்புங்கள். ஏப்ரல், ஒக்டோபர் இடி மழைக்கு பிளக்கோடு லேன் வயரையும் கழற்றிவிடுங்கள்.

‘டக் ஹன்ட்’டின் பழைய துப்பாக்கியை எடுத்து எல்சிடி டிவியில் முயல வேண்டாம். விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்குமிடம் வெள்ளைக் கட்டமாகும். அந்த வெளிச்சத்தை உரிய கணத்தில் துப்பாக்கி காண வேண்டும். எல்சிடி அதைப் பிந்திக் காட்டுவதால் எந்தக் குண்டும் படாது.

நாம் எல்லோரும் கேட்கும் ‘முஸ்தபா’வுக்கு வருவோம். கப்கொம் 1993இல் செய்த கெடிலக்ஸ் அன்ட் டைனசோர்ஸ் அது. கடையில் காசு போட்டு ஆடிய அந்த ஆர்கேட் கேம் இன்னும் எந்தக் கொன்சோலுக்கும் வரவில்லை. ஒரு சித்திரக்கதையின் உரிமையும் காரின் பெயரும் அதில் பின்னிக் கிடக்கின்றன. கப்கொம் மட்டும் நினைத்தால் போதாது. கடைக்காரர் ‘முஸ்தபா இருக்கு’ என்று ஒரு பெட்டியைக் காட்டினால் அது உரிமையில்லாத நகல். வந்தே ஆக வேண்டிய கேம்களில் என் கணக்கில் இதுதான் முதலாவது. 3 பேர் சேர்ந்து ஆடும் வசதியும் அந்த அசல் ஒலியும் குறையாமல் வர வேண்டும். அதுவரை, 2018இல் வந்த கப்கொம் பீட் எம் அப் பண்டிலை வாங்கி கெப்டன் கொமாண்டோவைப் போடுங்கள். அடியின் கனமும் கூட்டத்தைச் சமாளிக்கும் விதமும் அதே குடும்பம். 4 பேர் ஆடலாம், கொன்ட்ரோலரை மட்டும் அக்கம்பக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள்.