கைண்ட், டொனேட், சாரிட்டி: உதவி பற்றிய ஆங்கிலச் சொற்களைப் பிழையின்றிப் பழக

கைண்ட் என்றால் அன்பான, டொனேட் என்றால் நன்கொடை கொடு. இந்தப் பொருளெல்லாம் பள்ளியிலேயே தெரிந்துவிடும். வாக்கியம் எழுதும்போது, அடுத்து 'டு' வருமா 'வித்' வருமா, முன்னால் 'எ' போடலாமா என்பதில்தான் சறுக்குகிறோம். அதனால் சொல்லை அதன் துணைச்சொல்லோடு சேர்த்தே மனத்தில் ஏற்ற வேண்டும். ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நோட்டில் 'கைண்ட்' என்று மட்டும் எழுதாமல் 'கைண்ட் டு' என்றே எழுதுங்கள். 'தி நர்ஸ் வாஸ் கைண்ட் டு மை மதர்.' தமிழில் 'அம்மாவிடம் அன்பாக' என்று சொல்லிப் பழகியதால் கை தானாக 'வித்' போடும், கவனம். ஒருவரின் செயலைப் பாராட்டும்போது மட்டும் 'ஆஃப்': 'இட் வாஸ் கைண்ட் ஆஃப் யூ டு கம்.'

படி 2: டொனேட். அதிகம் பிழை வருவது இதில்தான், பொறுமையாகப் பாருங்கள். 'கிவ்' இரண்டு வரிசைக்கும் இடம் தரும்: 'கிவ் தி ஸ்கூல் டென் சேர்ஸ்', 'கிவ் டென் சேர்ஸ் டு தி ஸ்கூல்'. டொனேட்டுக்கு இரண்டாவது வரிசைதான். கொடுக்கும் பொருள் முதலில், பிறகு 'டு', கடைசியில் பெறுபவர்: 'வீ டொனேட்டட் டென் சேர்ஸ் டு தி ஸ்கூல்.' 'டொனேட்டட் தி ஸ்கூல் டென் சேர்ஸ்' தவறு. ரத்ததானத்துக்கு 'டொனேட் பிளட்' போதும், நடுவில் எதுவும் வேண்டாம். பெயர்ச்சொல்லாக எழுதினால் 'மேக் எ டொனேஷன்'. 'டூ எ டொனேஷன்' என்று எழுதாதீர்கள்.

படி 3: தர்மம் என்ற பொதுப்பொருளில் சாரிட்டிக்கு முன் 'எ' கிடையாது: 'ஷீ கிவ்ஸ் மணி டு சாரிட்டி.' 'எ சாரிட்டி' என்றால் அது ஒரு தொண்டு நிறுவனம். 'ஐ டிட் எ சாரிட்டி' என்பது ஆங்கிலமே அல்ல.

படி 4: குழப்பும் சொற்களை எதிரெதிரே எழுதுங்கள். பெனிஃபாக்டர் கொடுப்பவர், பெனிஃபிஷியரி பெறுபவர், அரசுப் படிவங்களில் வரும் 'பயனாளி'. துன்பத்தில் இருப்பவரிடம் 'ஐ பிட்டி யூ' என்று சொல்லிவிடாதீர்கள். மேலிருந்து பார்ப்பதுபோல் சுடும். 'ஐ'ம் சோ சாரி' போதும்.

செய்தித்தாளில் 'குட் சமாரிட்டன்' என்று பார்த்திருப்பீர்கள், முன்பின் தெரியாதவருக்கு உதவுபவர் என்று பொருள். பைபிளில் லூக்கா 10ஆம் அதிகாரத்துக் கதையிலிருந்து வந்த தொடர் அது. விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவுபவரைப் பாதுகாக்க, 2019 திருத்தத்தில் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்ந்த 134ஏ பிரிவும் இதே பெயரைத்தான் பயன்படுத்துகிறது.

படி 5: வாய்விட்டுப் படியுங்கள். பிச்சையைக் குறிக்கும் பழைய சொல் 'ஆம்ஸ்'. எழுத்தில் 'எல்' உண்டு, ஒலியில் இல்லை. கொடைக்குணத்தைக் குறிக்கும் 'ஃபிலாந்த்ரபி'யில் 'லா'வை அழுத்துங்கள்.

ஒரு நாளைக்கு இரண்டு சொல், ஒவ்வொன்றுக்கும் மூன்று வாக்கியம். உங்கள் தெருவில் உண்மையில் நடந்த உதவிகளையே எழுதுங்கள். சந்தேகம் வந்தால் அகராதியில் பொருளைத் தாண்டி, கீழே உள்ள எடுத்துக்காட்டு வாக்கியத்தில் அந்தச் சொல்லுக்கு அடுத்து என்ன வருகிறது என்று பாருங்கள்.