உள்ளூரில் மத, சமூக விவரம் தெரிந்தவர்களைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

செய்தி எழுத வருபவர்கள், ஆய்வு மாணவர்கள், தொண்டு அமைப்பில் புதிதாகச் சேர்ந்தவர்கள் எனப் பலரோடு வேலை செய்கிறேன். நாங்கள் அந்தக் காலத்தில் சறுக்கிய அதே இடங்களில்தான் இவர்களும் சறுக்குகிறார்கள். பெயரைத் தப்பாக எழுதுவது, சொல்லாமல் போய் நிற்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், அவை ஒரு தடவை பட்டாலே சரியாகிவிடும்.

ஒரே ஆளை ஒரு மதத்துக்கே குரலாக்குவது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. ஏதாவது சிக்கல் என்றதும் முதலில் சிக்குபவர், எப்போது அழைத்தாலும் போனை எடுக்கிற, எதைக் கேட்டாலும் பதில் வைத்திருக்கிற ஒருவர். பெயருக்கு முன்னால் தலைவர் என்று இருக்கும், அமைப்பின் பெயரில் 'அகில' இருக்கும், விசாரித்தால் லெட்டர்பேடும் அவரும் மட்டும்தான். எங்களோடு இருந்த ஓர் இளம் நிருபர், கல்லறை நிலத் தகராறு பற்றி எழுத இப்படி ஒருவரிடம் பேசினார். "எங்கள் சமுதாயம் இதை ஒருபோதும் ஏற்காது" என்றார் அவர், அது அப்படியே அச்சில் வந்தது. இரு தரப்புப் பெரியவர்களும் மாதக்கணக்கில் உட்கார்ந்து பேசிக் கிட்டத்தட்ட ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள் என்பது அப்புறம்தான் தெரிந்தது. செய்தி வந்த பிறகு, விட்டுக்கொடுத்தால் துரோகி என்பார்களே என்ற பயத்தில் பேச்சு நின்றேபோனது. திருத்தம் போட்டோம், அதை யார் படித்தார்கள்?

யார் யாருக்காகப் பேசலாம் என்பது மதத்துக்கு மதம் மாறும். கத்தோலிக்கத் திருச்சபையில் ஆயருக்கு மேல் போப் வரை படிநிலை உண்டு, யார் எந்த அளவுக்குப் பேசலாம் என்பது தெளிவு. பெந்தெகொஸ்தே சபைகளில் பல தனித்தே இயங்குபவை, ஒரு பாஸ்டரின் பேச்சு அடுத்த சபையைக் கட்டுப்படுத்தாது. சன்னி முஸ்லிம்களுக்கு உலகளாவிய ஒற்றைத் தலைமை கிடையாது, அவர்களுக்குள்ளேயே இருக்கும் தேவ்பந்தி, பரேல்வி என்ற இரு பிரிவுகளுக்கும் பல விஷயங்களில் ஒத்துப்போகாது. இந்து மடங்கள் ஒவ்வொன்றும் தன் சம்பிரதாயத்துக்கு மட்டுமே பேச முடியும்.

அதனால் யாரைச் சந்தித்தாலும் இதைக் கேளுங்கள்: நீங்கள் யார் சார்பில் பேசுகிறீர்கள், உங்களைத் தேர்ந்தெடுத்தது யார், உங்கள் ஆட்களிலேயே உங்களை மறுப்பவர் யார்? கடைசிக் கேள்விக்குத் தயங்காமல் ஒரு பெயரைச் சொல்கிறவரை நான் அதிகம் நம்புவேன். அமைப்பு என்றால் பதிவையும் ஆண்டறிக்கையையும் பாருங்கள், சிக்கல் எதுவும் இல்லாத மாதங்களில் அது என்ன செய்தது என்று அக்கம்பக்கத்தில் கேளுங்கள்.

ஆராய்கிறவரை ஒதுக்குவது

ஒரு மதத்தை நம்புகிறவர், வழிநடத்துகிறவர், ஆராய்கிறவர் மூவரும் வேறு வேறு, மூவரும் வேண்டும். 1993-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், வேகோ அருகே ஒரு மதக்குழுவின் வளாகத்தை அரசுப் படைகள் 51 நாள் முற்றுகையிட்டன. உள்ளே இருந்த அந்தக் குழுவின் தலைவர் டேவிட் கொரேஷ் பேசியதெல்லாம் பைபிளின் கடைசிப் புத்தகமான வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் ஏழு முத்திரைகளைப் பற்றி. அந்தப் பேச்சு புரிந்த பைபிள் அறிஞர்கள் பிலிப் அர்னால்டும் ஜேம்ஸ் டேபரும் வானொலி வழியாக அவரோடு பேச முயன்றார்கள். முத்திரைகளைப் பற்றி எழுதி முடித்ததும் வெளியே வருவதாக அவரும் கடிதம் அனுப்பினார். முற்றுகையை நடத்திய அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ. அதை நாள் கடத்தும் தந்திரமாகவே பார்த்தது. முற்றுகையின் கடைசி நாளான ஏப்ரல் 19 அன்று உள்ளே இருந்தவர்களில் 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், குழந்தைகளும் அதில் உண்டு. அறிஞர்கள் சொன்னதைக் கேட்டிருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பார்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

பிரிட்டனில் சமூகவியலாளர் ஐலீன் பார்க்கர் 1988-ல் தொடங்கிய 'இன்ஃபார்ம்' என்ற அமைப்பு இதே வேலைக்கானது, புதிய மத இயக்கங்களைப் பற்றி ஆராய்ந்து தெரிந்த தகவலைக் கேட்பவர்களுக்குத் தருகிறது. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இல்லையென்றால், பக்கத்துப் பல்கலைக்கழகத்தின் சமூகவியல், மானிடவியல் துறைகளைத் தட்டுங்கள்.

எண்ணிக்கையை மதத் தலைவரிடம் கேட்பது

வேண்டாம். மக்கள்தொகைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். மனப்போக்கு தெரிய வேண்டுமென்றால், இந்தியாவில் 17 மொழிகளில் சுமார் 30,000 பேரிடம் கேட்டு பியூ ஆய்வு மையம் 2021-ல் வெளியிட்டது போன்ற ஆய்வுகள் இருக்கின்றன.

சண்டை வந்த பிறகு தேடுவது

அதற்குள் எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்திருப்பார்கள்.

பாதிக்கப்பட்டவரிடம் நேராகப் போவது

குடும்ப வன்முறையோ சாதிக் கொடுமையோ, முதலில் அவருக்குத் துணையாக வேலை செய்யும் அமைப்பிடம் பேசுங்கள். அவர் பேச விரும்புகிறாரா, பெயர் வரலாமா, ஊர் வரலாமா என்று தனித்தனியாகக் கேட்டு எழுதி வையுங்கள். மறுநாள் அவர் மனம் மாறினால், எழுதி முடித்திருந்தாலும் எடுத்துவிடுங்கள்.