பிரெஞ்சுப் பிரபுக்களின் செப்புத்தகட்டு உருவப்படங்கள்: ஆண்டு கணிப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தோமா த லூ, லெயோனார் கோத்தியே முதலியோர் 1580-களிலிருந்து பாரிஸில் செதுக்கிய உருவப்படங்களில் பலரும் சறுக்குவது ஆண்டைச் சொல்வதில்தான். நீள்வட்டச் சட்டத்தைச் சுற்றி ஓடும் எழுத்தில் ஆண்டோ வயதோ இருந்தால், உடனே அதைத் தாளின் ஆண்டாக எடுத்துக்கொள்கிறார்கள். அது பெரும்பாலும் முகத்துக்குரிய ஆண்டு, அதாவது படத்தில் உள்ளவர் அந்தத் தோற்றத்தில் இருந்த ஆண்டு; தாள் அச்சான ஆண்டு அல்ல. தகடு பதிப்பாளர்களிடையே கைமாறும். தேய்ந்த கோடுகளைத் திரும்ப ஆழப்படுத்திப் பல பத்தாண்டுகள் கழித்தும் அச்சிடுவார்கள்.

ஆகவே கன்னத்தின் நிழலைப் பத்து மடங்கு லென்ஸில் பாருங்கள். தகடு தேயும்போது முதலில் மறைவது அங்குள்ள மெல்லிய கோடுகளும் புள்ளிகளும்தான். முகம் வெளுத்து, உடையும் சட்டமும் மட்டும் கறுத்திருந்தால் அது பிந்தைய அச்சு.

அடுத்து, தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். தாள் வார்க்கும் கம்பி வலை பதித்த நெருக்கமான வரிகளும், அவற்றுக்குக் குறுக்கே சுமார் 2 முதல் 3 செ.மீ. இடைவெளியில் கம்பித் தடங்களும் தெரிய வேண்டும். வரியே இல்லாத சீரான தாள் ஐரோப்பாவில் 1750-களுக்கு முன் கிடையாது. ஆனால் வரி இருப்பது மட்டும் பழமைக்குச் சாட்சி ஆகாது. அத்தகைய தாள் பிறகும் தயாரானது.

பட்டப்பெயரை நம்பி ஆளை முடிவு செய்வது இன்னும் மோசமான தவறு. ‘ஆன்ஷூ கோமகன்’ என்றால் 1574-இல் மூன்றாம் ஆன்ரி மன்னராகும் முன் அவரையே குறிக்கும். 1576-க்குப் பிறகு அவருடைய தம்பி பிரான்சுவாவை. கீஸ் கோமகன்களும் அப்படித்தான்: பிரான்சுவா 1563-இலும் அவர் மகன் ஆன்ரி 1588-இலும் கொல்லப்பட்டனர்.

இங்கே பதக்கம் கைகொடுக்கும். தூய ஆவி விருதணி என்ற அரச வீரர் அமைப்பை மூன்றாம் ஆன்ரி நிறுவியது 1578 டிசம்பர் 31-இல். அதன் சின்னமான சிலுவை படத்தில் இருந்தால் செதுக்கல் அதற்கு முந்தையதாக இருக்க முடியாது. மேலங்கியில் அது அணிபவரின் இடப்பக்கம் தைக்கப்படும். வலப்பக்கம் இருந்தால், இன்னொரு அச்சைப் பார்த்து நகலெடுத்ததில் படம் திரும்பிவிட்டதா என்று சந்தேகப்படலாம்.

அடியில் உள்ள லத்தீன் சொற்களையும் குழப்ப வேண்டாம். ‘ஸ்கல்ப்சிட்’ செதுக்கியவரைச் சுட்டும், ‘எக்ஸ்குடிட்’ வெளியிட்டவரை. இரண்டும் ஒருவராகவும் இருக்கலாம்.

அச்சிடும்போது தகட்டின் விளிம்பு தாளில் பதிக்கும் அழுத்தத் தடம் காணோம் என்பதற்காகப் போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள். ஆல்பத்தில் ஒட்டச் சேகரிப்பாளர்கள் ஓரத்தை வெட்டிவிடுவது வழக்கம்.